மாவுக்கட்டு அறையில் ஏணிப் படம்

எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே ஆஸ்பத்திரி, அதே அறை. டாக்டர்கள் அவரை மாவுக்கட்டு அண்ணன் என்பார்கள். வார்டு ஆட்கள் அண்ணனைக் கழித்துவிட்டு வெறும் மாவுக்கட்டு என்பார்கள். "மாவுக்கட்டு சாப்பிடப் போயிருக்கு, உக்காருங்க" என்று நர்ஸ் சொல்வதைக் கேட்டு வெளியே காத்திருப்பவர்கள் திகைப்பார்கள். அவருக்குப் பழகிவிட்டது.

அறை நீளமானது. நடுவில் ரெக்சின் மெத்தை போட்ட கட்டில். ஓரமாக ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர். அலமாரியில் மாவு ஏற்றிய துணிச் சுருள்கள். சுருளைத் தண்ணீரில் முக்கினால் குமிழி விடும். குமிழி நின்றதும் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு நிமிடம் போனாலும் சுருள் இறுகிக் கல்லாகிவிடும். இதைத் தவிர அந்த வேலையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை என்பார். மத்தியானத்துக்குள் அவருடைய செருப்பும் புருவமும் வெளுத்துவிடும்.

விழுந்தவர்களைப் பற்றி அவருக்கு ஒன்று தெரியும். விழுந்ததும் யாருக்கும் உடனே வலிப்பதில்லை. முதலில் சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள், யாராவது பார்த்துவிட்டார்களா என்று. வலி அதற்குப் பிறகுதான் வருகிறது. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் பொய்தான் சொல்வார்கள். வண்டி இடித்தது, நாய் குறுக்கே வந்தது, படி உடைந்திருந்தது. சும்மா நடந்துபோகும்போது தன் காலே தன்னைத் தட்டிவிட்டது என்று ஒப்புக்கொண்டவர்கள் இத்தனை வருடத்தில் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். அவர் யாரையும் மடக்கமாட்டார். "நாய்த் தொல்லை இப்ப ஜாஸ்திதான்" என்று துணியைச் சுற்றிக்கொண்டே சொல்வார்.

கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் ஒரு டிவி இருந்தது. பொது வார்டுக்குப் புதிது வந்தபோது பழையதை அவர் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். அதில் ஒரே ஒரு படம்தான் ஓடும். பென் டிரைவ் காணாமல் போய்விடக் கூடாது என்று காயத்துக்குக் கட்டும் துணியைக் கிழித்து அதை டிவியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

மூன்று பேர் ஒரு பெரிய வீட்டுக்கு வெள்ளையடிக்க வருகிறார்கள். ஒருவன் குண்டு, ஒருவன் ஒல்லி, இன்னொருவனுக்கு எந்நேரமும் தூக்கம். வீட்டுக்காரருக்கு அடர்த்தியான மீசை. சாயங்காலம் முக்கியமான விருந்தாளி வரப்போகிறார், அதற்குள் சுவர் காய்ந்தாக வேண்டும். அவ்வளவுதான் கதை. சுவர் காயவில்லை. ஏணி, பலகை, வாளி, பூனை, ஈரத் தரை என்று ஒன்றரை மணி நேரத்தில் எல்லோரும் எல்லாவற்றின் மேலிருந்தும் விழுகிறார்கள். படத்துக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் ஏணிப் படம் என்றால்தான் தெரியும்.

வீட்டிலும் அவர் அதைத்தான் பார்ப்பார். மனைவிக்கு அது பிடிபடவில்லை.

"நாள் பூரா விழுந்தவங்களையே பாத்துட்டு வர்றீங்க. வீட்டுக்கு வந்தும் விழறவங்களையே பாத்தா எப்படிங்க?"

"அங்க யாருக்கும் நான் கட்டுப் போட வேணாம்ல."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குண்டன் பூனையை மிதித்து, மாடிப்படியில் உருண்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து எழுந்திருக்கும்போது அவருடைய விரல்கள் மனதுக்குள் அவன் முழங்கையை, கணுக்காலை, இடுப்பை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கும். முறிவு இல்லை. வீக்கம்கூட இல்லை. அது நிச்சயமானதும் அவருக்குச் சிரிப்பு வரும். வந்தால் லேசில் நிற்காது.

அந்தப் படம் வேலைக்கு வந்த கதை தனி. ஒரு லாரி டிரைவர் தோள் நழுவி வந்திருந்தார். நழுவிய தோளை இழுத்துக் குழிக்குள் போடுவது டாக்டரம்மாவின் வேலை. எதிர்ப்பக்கம் நோயாளியின் மார்பைச் சுற்றி ஒரு படுக்கை விரிப்பைக் கொடுத்து, ஆள் நகராமல் பிடித்துக்கொள்வது மாவுக்கட்டுக்காரரின் வேலை. டிரைவருக்கு மலை போன்ற உடம்பு. பயத்தில் சதை இறுகிக் கல்லாக இருந்தது. இரண்டு ஊசி போட்டும் இளகவில்லை. டாக்டரம்மா இழுத்து இழுத்து ஓய்ந்துபோனார். டிவியில் படம் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரின் தலையில் வாளி கவிழ்ந்ததும் டிரைவர் அத்தனை வலியிலும் குபீரென்று சிரித்துவிட்டார். விரிப்பின் வழியாக அவருடைய உடம்பு இளகுவது மாவுக்கட்டுக்காரரின் கைக்குத் தெரிந்தது.

"இப்ப இழுங்க டாக்டர்!"

தோள் உட்கார்ந்துவிட்டது.

"என்னண்ணே பண்ணீங்க?" என்றார் டாக்டரம்மா.

"நான் ஒண்ணும் பண்ணல. வாளி பண்ணிச்சு."

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. வாளி விழுவது இருபத்தாறாவது நிமிடத்தில். நாலு நிமிடம் முன்னதாக ஓடவிட்டால் ஆள் படத்துக்குள் போய்விடுவார். சரியான நொடியில் மாவுக்கட்டுக்காரர் தரையில் காலை இரண்டு தடவை தட்டுவார். அந்தத் தட்டலுக்கு டாக்டரம்மா இழுப்பார். குழந்தைகள் என்றால் பூனை வரும் இடம். வாளிக்கு மசியாதவர்களுக்குப் பலகை மேல் தூங்குகிறவன். இரண்டுக்கும் மசியாதவர் என்று இதுவரை யாரும் வாய்க்கவில்லை.

அவருடைய மாமனார் வரும்வரை.

மாமனார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடம் நிலத்தை அளந்தவர். சுவரில் மாட்டிய காலண்டர் அரை விரல் சாய்ந்திருந்தாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மருமகன் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் "ஆஸ்பத்திரியில இருக்கார்" என்பார். ஆஸ்பத்திரியில் என்னவாக என்று அடுத்த கேள்வி வருவதற்குள் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

கல்யாணமான புதிதில் அவர் வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளை இந்தப் படத்தைப் பார்க்கும்படி ஆகிவிட்டது. டிவியில் தற்செயலாக ஓடியது. பார்த்துச் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு பின்னால் சாய்ந்து மாப்பிள்ளை விழுந்தேவிட்டார். விழுந்தும் சிரிப்பு நிற்கவில்லை. மாமனார் எழுந்து நின்று கேட்டார்:

"ஒருத்தன் விழறதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்கு?"

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார். அது நடந்து பத்தொன்பது வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு இருவருக்கும் இடையே வாங்க, சாப்பிட்டாச்சா, கிளம்பறேன் என்ற மூன்று வார்த்தைகள்தான். சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. மரியாதைக்குக் குறைவே இல்லை.

ஒரு காலையில் பத்து மணி இருக்கும். மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, அப்பா விழுந்துட்டாரு. அங்கதான் கூட்டிட்டு வர்றேன்."

வலது தோள் கீழிறங்கி, கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முதுகு வளையாமல் மாமனார் நடந்துவந்தார். சக்கர நாற்காலியைக் கையாலேயே வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

"எப்படி மாமா ஆச்சு?"

"கதவு. காத்துல அடிச்சு இடிச்சிடுச்சு."

அவருடைய காதுக்குப் பின்னால் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"இந்தக் காத்து அப்படித்தான் மாமா" என்றார் மருமகன். ஜன்னலுக்கு வெளியே மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை, தோள்தான் நழுவியிருந்தது. டாக்டரம்மா மருமகனையும் அவர் மனைவியையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி இதயத்துல ஆபரேஷன் ஆகியிருக்கு. மயக்கம் குடுக்கற டாக்டர் இன்னிக்கு முடியாதுன்னுட்டார். டெஸ்ட் எல்லாம் பாத்துட்டு நாளைக்குத்தானாம். ஆனா விரல் நுனி மரத்துப்போகுதுன்னு சொல்றார் உங்க மாமா. நரம்பு அமுங்கியிருக்கு. நாளைவரைக்கும் விட முடியாது. வலிக்கு மட்டும் ஊசி போட்டுட்டு இங்கயே பாக்கறேன். வரலைன்னா பெரிய ஆஸ்பத்திரிதான். மூணு மணி நேரம் வண்டியில போகணும், அவர் இதயத்தை வச்சுக்கிட்டு." கொஞ்சம் நிறுத்தி, "ஏணிப் படத்தைப் போடுங்கண்ணே" என்றார்.

"அவர் சிரிக்கமாட்டார் டாக்டர்."

"எல்லாரும் சிரிக்கறாங்க."

"எங்க மாமாவை உங்களுக்குத் தெரியாது."

மனைவி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "அதைப் போட்டா அப்பா எழுந்து போயிடுவாருங்க."

"இந்தத் தோளை வச்சுக்கிட்டு எங்க போவார்?"

சொல்லிவிட்டாரே தவிர உள்ளே போய் டிவியைப் போடும்போது அவருக்குக் கை கூசியது. மாமனார் தலையணையில் சாய்ந்தபடி படுத்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. திரையில் மூன்று பேர் ஆளுக்கொரு பக்கமாக ஏணியை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"இது அந்தப் படம்தானே?"

"ஆமா மாமா."

"இன்னுமா பாக்கறீங்க?"

"வேலைக்கு மாமா."

மாமனார் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அதுவரைக்கும் நல்லது. விரிப்பை மார்பைச் சுற்றிக் கொடுத்து மருமகன் இடப்பக்கம் நின்றார். டாக்டரம்மா வலது கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்தாறாவது நிமிடத்தில் வாளி கவிழ்ந்தது. மீசை வழியாகச் சுண்ணாம்பு ஒழுகியது. கதவருகே நர்ஸ் சிரித்தாள். எத்தனையோ தடவை பார்த்த டாக்டரம்மாவுக்கே உதடு துடித்தது. மாமனார் மின்சாரக் கட்டண ரசீதைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். விரிப்பு வழியாக வந்த சேதி, கல்.

இருந்தாலும் டாக்டரம்மா மெதுவாக இழுத்துப் பார்த்தார். மாமனாரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை மருமகன் அவரிடம் கேட்டதே இல்லை. டாக்டரம்மா விட்டுவிட்டார்.

"கொஞ்சம் மூச்சு விட்டுக்குங்க ஐயா. இன்னும் ஒரு தடவைதான். அப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

தூங்குகிறவனும் பலகையும் வந்துபோனார்கள். பலனில்லை. மருமகனின் இரண்டு கையிலும் விரிப்பு இருந்தது, படத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. பளிங்குத் தரை போட்ட கூடத்தில் குண்டன் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவைத்தான். ஆணி அடிக்க வேண்டும். அது படத்தில் தொய்வான இடம். எப்போதும் அந்த இடத்தில்தான் மருமகன் டீ குடிக்கப் போவார்.

"இது நிக்காது" என்றார் மாமனார்.

"என்ன மாமா?"

"அந்த ஏணி. அடி எவ்வளவு வெளிய வந்திருக்கு பாருங்க. தரை வேற வழவழன்னு இருக்கு. இப்படிப் படுக்கப் போட்டா நிக்காது."

மருமகனுக்கு ஏதோ பொறி தட்டியது.

"நிக்கும்னுதான் நினைக்கறேன் மாமா."

"நீங்க நினைச்சா ஆச்சா?" கோபத்தில் குரல் பலத்தது. "எத்தனை வருஷம் கோணம் பாத்தவன் நான்! அந்த ஒல்லிப் பையன் ஏறினா ஒருவேளை நிக்கும். ஏறப்போறது யாரு? இவன்."

"கெட்டி ஏணி மாமா."

"கெட்டியில என்னய்யா இருக்கு, கோணம் தப்பு!" பத்தொன்பது வருட மரியாதையில் முதல் தடவையாக ஓர் 'என்னய்யா' உதிர்ந்தது. நல்ல கையைத் தூக்கி, விரல்களைச் சேர்த்து, ஏணி சாய்ந்திருந்த அதே சாய்வில் காற்றில் வைத்துக் காட்டினார். "இதான் இப்ப இருக்கறது. இப்படி இருக்கணும். இப்பப் பாருங்க, ஏறறான். ஒண்ணு. ரெண்டு. மூணாவது படியில கால வச்சதும் சரக்குன்னு..."

தண்ணீரில் முக்கிய சுருள் குமிழி விட்டு அமுங்குவதுபோல, விரிப்புக்குள் அவருடைய உடம்பு தளர்ந்தது. மருமகன் காலை இரண்டு தடவை தட்டினார்.

டாக்டரம்மா முன்னால் சாய்ந்து இழுத்தார். 'ளொக்' என்று ஒரு சத்தம். கதவருகே நின்றிருந்த மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"வந்திடுச்சு" என்றார் டாக்டரம்மா. நர்ஸ் ஓடிவந்து டிவியை அணைத்தாள்.

மாமனார் தோளைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவின் முதுகு மறைத்திருந்த திரையைத் தலையைச் சாய்த்துத் தேடினார். அது இருண்டிருந்தது.

"விழுந்துதா?"

"தோள் சரியாயிடுச்சு ஐயா. விரலை அசைங்க பாப்போம்."

"அது தெரியுது. ஏணி விழுந்துதா?"

மாமனார் மருமகனைப் பார்த்தார். விடை தெரியாத ஒரு கேள்வியை அவர் மருமகனிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட மருமகன் வாயைத் திறந்தார். பிறகு விரிப்பை மடிக்க ஆரம்பித்தார்.

"ஒரு வாரம் கழிச்சுத் தோளைக் காட்ட வரணும் மாமா. அப்பப் பாத்துக்குங்க."

அந்த வாரம் முழுவதும் வீட்டில் போன் ஓயவில்லை.

"என்னதான் பண்ணீங்க எங்க அப்பாவை?" என்றாள் மனைவி. "வலி எப்படிப்பான்னா, அதை விடு, உன் வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரான்னு கேக்கறாரு. காகிதத்துல ஏணி வரைஞ்சு வச்சிருக்காராம். இடது கையால."

"நீ என்ன சொன்னே?"

"நான் எங்க அந்தப் படத்தை முழுசாப் பாத்திருக்கேன்? நீங்களாவது சொல்லித் தொலைக்கறதுதானே?"

"சொன்னா நம்பமாட்டார்" என்றார் அவர்.

பதினொரு மணிக்கு வரச்சொன்னவர் எட்டரைக்கே வந்துவிட்டார். கையைத் துணித் தொட்டிலில் மாட்டி மார்போடு கட்டியிருந்தது. சட்டைப்பையில் ஒரு மடித்த காகிதம். கட்டிலில் அப்போது ஒரு தையல்காரம்மா கணுக்கால் முறிவோடு படுத்திருந்தார், வாசற்படி உடைந்திருந்ததாம். மாமனார் சுவரோரம் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"முதல்லேருந்து போடுங்க மாப்பிள்ளை."

வாளி விழுந்தது. தையல்காரம்மா காலை மறந்து சிரித்தார். மாமனார் பொறுமையாக இருந்தார். பூனை, தொட்டி, பலகை. வாளி விழுந்ததையும் பலகை கவிழ்ந்ததையும் தலையசைத்து ஒப்புக்கொண்டார். அவற்றின் கணக்கு சரியாக இருந்தது போலும். பளிங்குத் தரை வந்ததும் முக்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார். மருமகன் ஒரு சுருளைத் தண்ணீரில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். டீ குடிக்கப் போகவில்லை.

குண்டன் ஏறினான். ஒன்று. இரண்டு. மூன்று. ஏணி நின்றது. நான்காவது படி. உச்சிப் படி. ஆணியை அடித்தான். ஏணி நின்றது.

"தப்பு" என்றார் மாமனார். "இது தப்பு. நிக்கவே முடியாது."

குண்டன் இறங்கினான். தரையில் கால் பட்டதும் ஏணியை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். கூடத்தில் யாருமில்லை. சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். ஏணி தன்னந்தனியாக அந்தக் கோணத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

"என்ன இது, ஒண்ணுமே நடக்கலையே" என்றார் தையல்காரம்மா.

மாமனாரிடமிருந்து இருமல் போல ஏதோ வந்தது. மருமகன் பதறித் திரும்பினார். இருமல் இல்லை. மாமனாரின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது.

"விழலைன்னதும் சுத்திப் பாக்கறான் பாருங்க" என்றார். பேச்சு திணறித் திணறி வந்தது. "யாராவது பாத்துட்டாங்களான்னு!"

நானூறு தடவைக்கு மேல் ஓடவிட்ட படத்தில் மருமகன் அதைப் பார்த்ததே இல்லை. இப்போது அவருக்கும் பிடித்துக்கொண்டது. குண்டனின் அந்த முகம். ஒரு தப்பும் செய்யாமல் மாட்டிக்கொண்டவனின் முகம். தையல்காரம்மாவின் காலைப் பிடித்திருந்த கை ஆடியது. பாதி இறுகிய மாவுக்கட்டின் மேல் அவருடைய கட்டைவிரல் பதிந்து பள்ளம் விழுந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஆனதில்லை.

"மெதுவா மாமா. தோள் புதுசு."

மாமனார் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஏணியைப் பார்த்தபடியே சொன்னார்:

"கதவு இல்ல மாப்பிள்ளை."

"தெரியும் மாமா."

"சோப்பு."

"ம்."

"பாத்ரூமுக்குள்ள. உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு. எனக்குத் தெரியும், நானே போட்டது. விழுந்து கிடக்கேன்." அவர் குண்டனைப் போலவே மெதுவாகத் தலையைத் திருப்பினார், இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. "இப்படி."

அதற்கு மேல் இருவராலும் முடியவில்லை. தையல்காரம்மா ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தார். சிரிப்பு ஏதோ ஒரு கட்டத்தில் அவரையும் இழுத்துக்கொண்டது. "எங்க வாசப்படியும் நல்லாத்தாங்க இருக்கு" என்றார்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். திரையில் அசையாத ஓர் ஏணி மட்டும்தான் தெரிந்தது.

"என்னண்ணே, வாளியா?"

மருமகன் இல்லை என்று தலையாட்டினார். வாளித் தண்ணீரில் குமிழி நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. சுருளை எடுத்துப் பார்த்தார். கல்லாகியிருந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து நனைத்தார்.